சாவு வீட்டு கேசட்: ஒலிநாடாவில் கிடக்கும் நம் வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்றால் தலைவர்களின் எழுத்தையும் போராட்டங்களின் தேதியையும் பேசுவது நம் வழக்கம். இந்த ஆண்டு கேசட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் நம்மவர்களே சிலர் சிரித்தார்கள். கேசட்டில் என்ன வரலாறு இருக்கிறது, சினிமாப் பாட்டுதானே என்றார்கள். சினிமாப் பாட்டு கேசட்டுகளைப் பற்றி நாம் பேசவில்லை. சாவு வீட்டுப் பந்தலில், தெருமுனைக் கூட்டத்தில், பத்துக்குப் பத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நம் ஆட்களே பதிந்து, நம் ஆட்களே நகலெடுத்து, கைமாறிப் போன கேசட்டுகளைப் பற்றிப் பேசுகிறோம். பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, முடிச்சூர் பக்கம் பல வீடுகளில் அவை இன்னும் பரண் மேல் கிடக்கின்றன. எழுத்தில் ஏறாத நம் வரலாற்றின் ஒரு பங்கு அந்தப் பழுப்பு நாடாவில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது உதிர்ந்துகொண்டும் இருக்கிறது.

முதலில் கருவியைப் பார்ப்போம். இன்று நாம் கேசட் என்று சொல்லும் சிறு பெட்டியை பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்தியது. நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. நொடிக்கு ஏறத்தாழ 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். இசைக்காக அல்ல, பேச்சைப் பதிவதற்காகத்தான் அதை முதலில் செய்தார்கள். நாடா மெலிது, வேகம் குறைவு, அதனால் பின்னால் எப்போதும் ஒரு இரைச்சல் கேட்கும். 1970களின் பிற்பகுதியில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது தூக்கி வந்த டூ-இன்-ஒன்கள் வழியாக அது நம் தெருக்களுக்குள் நுழைந்தது. அதற்கு முன்பு இசைத்தட்டு என்றால் ஹெச்எம்வி, கேட்பது என்றால் வானொலி. எதைப் பதியலாம், யார் பாடலாம் என்பதைச் சிலர் முடிவு செய்தார்கள். பீட்டர் மானுவல் வட இந்தியாவின் கேசட் பண்பாட்டைப் பற்றி 1993இல் வெளியிட்ட நூல், 1980களின் நடுவிலேயே இந்திய இசைச் சந்தையில் 95 விழுக்காட்டைக் கேசட் பிடித்துவிட்டது என்கிறது. ஒற்றை நிறுவனத்தின் பிடி தளர்ந்து, நூற்றுக்கணக்கான சிறு தயாரிப்பாளர்கள் முளைத்தார்கள்.

அந்தச் சிறு தயாரிப்பாளர்களுக்கும் கீழே ஒரு அடுக்கு இருந்தது. வரலாறு எழுதுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் பேச்சு அந்த அடுக்கைப் பற்றியது.

வானொலிப் பெட்டிக்கும் டூ-இன்-ஒன்னுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிவப்புப் பொத்தான். வானொலியும் இசைத்தட்டும் நம்மைக் கேட்பவர்களாக மட்டுமே வைத்திருந்தன. ரெக்கார்ட் பொத்தானையும் ப்ளே பொத்தானையும் சேர்த்து அழுத்த முடிந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியவர்கூடத் தன் குரலை ஒரு பொருளில் பதித்து வைக்க முடிந்தது. கடையில் வாங்கிய கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்கள் உடைக்கப்பட்டிருக்கும், யாரும் மேலெழுதி அழிக்கக் கூடாது என்பதற்காக. நம் பிள்ளைகள் அந்தப் பள்ளத்தில் காகிதத்தை மடித்துச் சொருகினார்கள், இல்லையென்றால் செல்லோ டேப்பை ஒட்டினார்கள். கம்பெனி பதிந்த பாட்டு அழிந்து, அதே நாடாவில் தெருவின் பாட்டு ஏறியது. இப்படியான கேசட்டில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே, அழியாமல் மிச்சமான சினிமா பாட்டு இரண்டு நொடி எட்டிப் பார்க்கும்.

நம் பக்கம் ‘டேப்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று தோல் இழுத்துக் கட்டி அடிக்கிற டேப், மற்றது ரெக்கார்டர். ஒரு டேப்பை இன்னொரு டேப் பதிந்த கதை என்றும் இதைச் சொல்லலாம்.

மேற்கத்திய நாடுகளிலும் இதே ஆண்டுகளில் வீட்டில் பதிந்த கேசட் இசை ஒரு இயக்கமாக வளர்ந்தது. 1979இல் டாஸ்காம் நிறுவனம் கேசட்டிலேயே நான்கு தடங்களில் பதியும் போர்ட்டாஸ்டுடியோ கருவியை வெளியிட்டது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட நெப்ராஸ்கா தொகுப்பு அந்த வகைக் கருவியில் வீட்டில் பதிந்ததுதான். அமெரிக்காவின் டேனியல் ஜான்ஸ்டன் தன் கேசட்டுகளைத் தானே நகலெடுத்துக் கையில் கொடுத்துத் திரிந்தார். ஒலிம்பியா நகரத்தின் கே ரெகார்ட்ஸ் போன்ற சிறு கம்பெனிகள் இந்த வகைக் கேசட்டுகளை வெளியிட்டன. பின்னாளில் இதற்கு ‘லோ-ஃபை’ என்று பெயர் வைத்து ஒரு அழகியலாக்கினார்கள். இரைச்சல் அங்கே பெரும்பாலும் ஒரு தேர்வு, பளபளப்பை மறுத்ததன் அடையாளம். சென்னைச் சேரியின் கேசட்டில் இருக்கும் இரைச்சல் யாரும் தேர்ந்தெடுத்ததல்ல. ஸ்டுடியோவின் கதவு நமக்குத் திறந்திருந்து, நாம் உள்ளே போக மறுத்த கதை இங்கே இல்லை. இதை மறந்துவிட்டு நம் பழைய கேசட்டை ‘லோ-ஃபை’ என்று கொண்டாட வருகிற நண்பர்களிடம் நமக்குக் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்.

இனி கானாவுக்கு வருவோம். வடசென்னையிலும் மத்திய சென்னையிலும் உழைக்கும் மக்களின் குடியிருப்புகளில் வளர்ந்த பாட்டு அது. சித்தர் பாடல்களிலும் குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களிலும் அதன் வேரைத் தேடுகிறவர்கள் உண்டு. பாடுகிற எல்லோரும் தலித்துகள் அல்லர். மீனவர்களும் இஸ்லாமியர்களும் பாடியிருக்கிறார்கள். ஆனால் அதன்மேல் விழுந்த இழிவு சேரியின் மேல் விழுந்த இழிவுதான். மரண கானா என்பது அதன் ஒரு கிளை. இறந்தவரைக் கிடத்தியிருக்கும் வீட்டு வாசலில், இரவு முழுக்க விழித்திருப்பவர்களுக்காக, டோலக்கும் டேப்பும் ஆர்மோனியமும் வைத்துக்கொண்டு பாடுவது. இறந்தவரின் பெயர், அவர் செய்த தொழில், விட்டுப்போன பிள்ளைகள், ஏரியாவின் பெயர், தன் குருவின் பெயர் எல்லாவற்றையும் பாடகர் பாட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார். அந்தக் கேசட்டுக்கு அட்டவணை எழுத ஆள் இல்லாமல் போனாலும், அட்டவணையின் பாதி பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

எப்படிப் பதிந்தார்கள்? இரண்டு வழி. முதல் வழியில், டூ-இன்-ஒன்னை ஸ்டூலின் மேல் வைத்து, உள்ளேயே இருக்கும் சிறு மைக்கை நம்பி பொத்தானை அழுத்துவது. இரண்டாவதில் சவுண்ட் சர்வீஸ்காரர் தயவு வேண்டும். அவருடைய அகூஜா ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து டெக்கில் செருகினால் பாடகரின் குரல் துல்லியமாக விழும், ஆனால் கூட்டத்தின் சத்தம் போய்விடும். வரலாற்றுக்கு முதல் வழியே பயன் தருவது என்பது எங்கள் கருத்து. அதில் அழுகை கேட்கும், தண்ணீர் கேட்கிற குழந்தை கேட்கும், ஜிஎஸ்டி சாலையில் போகிற பேருந்தின் ஹாரன் கேட்கும், அடுத்து எந்தப் பாட்டு என்று அதட்டுகிற குரல் கேட்கும்.

இந்தப் பதிவுகளில் ஒரு விநோதத்தைக் கேட்டவர்கள் கவனித்திருப்பீர்கள். டேப் பலமாக விழும் போதெல்லாம் பாடகரின் குரல் அமுங்கிப் போகும், அடி நின்றதும் குரல் மெல்ல எழும்பி வரும், பாட்டே நின்றால் இரைச்சல் கடல்போல உயரும். நாடா கெட்டுவிட்டது என்று பலர் தூக்கி எறிந்திருக்கிறார்கள். நாடாவில் கோளாறு எதுவும் இல்லை. மலிவான ரெக்கார்டர்களில் ஒலி அளவைத் தானே சரிசெய்யும் ஒரு சுற்று இருக்கும். ஒரு மேசையில் ஒருவர் பேசுவதைப் பதிவதற்கு ஏற்ற ஏற்பாடு அது. பலத்த ஒலி வந்தால் எல்லாவற்றையும் சேர்த்துத் தாழ்த்தும், அமைதி வந்தால் எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்தும். தோலின் அடியும் மனிதக் குரலும் ஒன்றாக வரும் இசையை அந்தச் சுற்றை வடிவமைத்தவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். இதில் சாதி இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எந்த ஒலியை ‘இயல்பு’ என்று எடுத்துக்கொண்டு ஒரு கருவியைச் செய்கிறார்கள் என்ற கேள்வியை மாணவர்கள் கேட்க வேண்டும்.

பதிந்த கேசட் ரெக்கார்டிங் சென்டருக்குப் போகும். அன்று ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தெருக்களில் இந்தக் கடைகள் இருந்தன. துண்டுச்சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, வெற்று சி-60யோ சி-90யோ வாங்கிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். சினிமாப் பாட்டுக்குக் கடைக்காரரே அசல் வைத்திருப்பார். கானாவுக்கு நாம்தான் அசல் கொண்டுபோக வேண்டும். போன அசலை அவரும் ஒரு நகல் எடுத்துக்கொள்வார். அடுத்து வருகிறவருக்கு அந்த நகலிலிருந்து நகல். ஒவ்வொரு தலைமுறை நகலிலும் குரலின் கூர்மை கொஞ்சம் மழுங்கும், இரைச்சல் கொஞ்சம் கூடும். தாம்பரத்தில் கேட்ட கேசட் நான்காவது நகலா ஐந்தாவதா என்பதை இரைச்சலை வைத்தே சொல்லிவிடும் காதுகள் நம் பக்கம் இருந்தன. கம்பெனிப் பெயர் கிடையாது, வெளியிட்ட ஆண்டு கிடையாது. அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் ‘கானா 3’ என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

இதே ஆண்டுகளில் இயக்கத்தின் பாட்டும் நாடாவில் ஏறியது. கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை ஊர் ஊராகக் கொண்டுபோனது கே. ஏ. குணசேகரனின் குரல். சிவகங்கைச் சீமையில் 1955இல் பிறந்து, நாட்டுப்புறப் பாடல்களை ஆய்ந்து, புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்து, ‘வடு’ என்ற தன்வரலாற்றை எழுதி, 2016 ஜனவரியில் மறைந்தவர். அவரை நேரில் கேட்டவர்களைவிட கேசட்டில் கேட்டவர்கள் அதிகம் என்பது எங்கள் கணிப்பு. புத்தகம் எட்டாத வீட்டுக்குள் பாட்டு போனது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இசை கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்ற பெயரில் எழுதியவர், நாட்டுப்புற மெட்டுகளிலேயே வழிபாட்டுப் பாடல்கள் செய்து சாதியைக் கேள்வி கேட்டார். ஆலயத்துக்குள் பியானோவும் கர்நாடக இசையும் நுழையலாம், பறை நுழையக் கூடாது என்றிருந்த மனநிலைக்கு எதிரான வேலை அது. அவர் பாடல்களும் கேசட்டாகத்தான் ஊர்களுக்குப் போயின. மகாராட்டிரத்தில் பிரகலாத் ஷிண்டே, வாமன்தாதா கர்டக் போன்றவர்களின் பீம் கீதங்கள் நாக்பூர் தீக்ஷாபூமியிலும் மும்பை சைத்யபூமியிலும் நடைபாதைக் கடைகளில் குவிந்தன. ஆந்திரத்தில் கத்தரின் குரலை, அவர் தலைமறைவாக இருந்த காலத்திலும் நாடா சுமந்தது.

நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் நாளை மறக்க முடியாது. காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடியவர்கள்மேல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். அந்த நாளைப் பற்றி அறிக்கைகளும் கட்டுரைகளும் இருக்கின்றன. அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் நினைவேந்தல்களில் யாரெல்லாம் பாடினார்கள், எந்த மெட்டில் பாடினார்கள் என்பது காகிதத்தில் கிடைக்காது. அது இருந்தால் யாரோ ஒருவர் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு பழைய விவாதத்தைத் தொடாமல் போக முடியாது. பறையும் சாவு மேளமும் நம்மேல் சுமத்தப்பட்ட அடிமைத் தொழில், அதை விட்டொழிப்பதே விடுதலை என்று ஒரு தலைமுறை பறையைக் கீழே வைத்தது. பறை எங்கள் கலை, எங்கள் ஆயுதம் என்று அடுத்த தலைமுறை கையில் எடுத்தது. இரண்டுமே சரியான கோபத்திலிருந்து வந்தவை. ஆனால் சாவு வீட்டு கேசட் இந்த இரண்டு பக்கத்துக்கும் ஒரு சங்கடத்தைத் தருகிறது. ஊர்த்தெருச் சாவுக்கு அழைக்கப்பட்டுப் போய், படியளந்ததற்காக அடித்த அடியல்ல அதில் இருப்பது. நம் வீட்டுச் சாவுக்கு நம் ஆள் பாடியது. யாரும் கட்டளையிடவில்லை. மேடையில் பறை முழக்கும் அரசியலுக்குப் பத்திருபது ஆண்டுகள் முன்பே, கட்டளை இல்லாத இடத்தில் அந்த ஒலி எப்படி இருந்தது என்பதற்குச் சான்று வேண்டுமானால் அது அங்கேதான் இருக்கிறது.

சினிமா இதைக் கேட்காமல் இல்லை. 1990களில் இசையமைப்பாளர் தேவா கானா மெட்டைத் திரையில் வெற்றி பெற வைத்தார். 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ வழியாக கானா உலகநாதனின் குரலும் முகமும் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தன. 2012இல் பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’யில் கானா பாலா பாடினார். இவர்கள் வெளிச்சத்துக்கு வந்ததில் நமக்கு மகிழ்ச்சிதான். கேள்வி, வெளிச்சத்துக்கு வராதவர்களைப் பற்றியது. சட்டம் யார் பக்கம் நின்றது என்று பாருங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் திருத்தம் கொண்டுவந்து நகலெடுப்பவர்களுக்குத் தண்டனையைக் கூட்டினார்கள். 2004இல் தமிழ்நாட்டில் வீடியோ திருட்டு குண்டர் சட்டத்துக்குள்ளேயே வந்தது. கானாக்காரர்கள் சினிமா மெட்டை எடுத்துத் தங்கள் சொல்லைப் போட்டுப் பாடியதும் உண்மை. அதை நாம் மறைக்க வேண்டாம். ஆனால் மெட்டு கீழிருந்து மேலே போனபோது அது ‘நாட்டார் மெட்டு’, சொந்தக்காரர் இல்லை. மேலிருந்து கீழே வந்தபோது மட்டும் சொந்தக்காரர் இருந்தார். பெயர் எழுதாத கேசட் அட்டைக்கு நாம் கொடுத்த விலை இது.

அந்தப் பெயரின்மையை வெறும் ஏமாளித்தனம் என்றும் சொல்லிவிட முடியாது. பாடியவருக்கு அன்றிரவு கூலி கிடைத்தது, மரியாதை கிடைத்தது. கேசட் பரவினால் அடுத்த சாவுக்கு, அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பு வரும். அவர்கள் விற்றது கேசட்டை அல்ல, நேரில் வருவதை. கணக்கு அவர்கள் வரைக்கும் சரியாகத்தான் இருந்தது. நேரில் வர முடியாமல் குரல் போனபோது, முதுமை வந்தபோதுதான் கணக்கு இடித்தது.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். இந்தக் கேசட்டுகளில் பெண்களைக் கொச்சைப்படுத்தும் பாட்டுகளும் உண்டு. காதலித்து ஏமாற்றியவள் என்று ஒரு பெண்ணைத் திட்டுவதற்கே பக்கம் ‘பி’ முழுக்கப் போன நாடாக்கள் உண்டு. சாவு வீட்டில் ஒப்பாரி வைத்த பெண்களின் குரல் பின்னணியில் கேட்கும், மைக் அவர்கள் பக்கம் திரும்பாது. சேரிக்குள்ளும் யார் கையில் ரெக்கார்டர் இருந்தது என்ற கேள்வி இருக்கிறது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு முதல் நிகழ்ச்சி நடத்தியபோது, அந்தப் பெருங்குழுவில் இருந்த ஒரே பெண் பாடகர் இசைவாணி. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. ஒரு பெண் கானா பாடுகிறார் என்பதே அப்போதும் செய்தியாக இருந்தது என்றால் கேசட் காலம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தக் குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த ‘சாதியற்ற’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. தினமும் அதைக் கடந்து ரயிலில் போகிறவர்களில் எத்தனை பேர் பெயர்ப்பலகையைப் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கானா வடசென்னையின் சொத்து, பெருங்களத்தூரில் அதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். பாட்டு தானாக நகரவில்லை, நகர்த்தப்பட்டது. 2000க்குப் பின் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று நகரத்தின் உள்ளிருந்த குடிசைப் பகுதிகளைப் பெயர்த்துத் தென்புறநகரில் கொட்டினார்கள். கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்தவர்கள் லாரியில் ஏற்றப்பட்டார்கள். அவர்களோடு கானாவும் வந்தது. கேசட் மூட்டைகளில் எவ்வளவு வந்து சேர்ந்தது, எவ்வளவு இடித்த சுவருக்கடியில் போனது என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு முன்பே கடற்கரை–தாம்பரம் மின்ரயில் இந்த இரண்டு உலகத்தையும் இணைத்திருந்தது. 1931 முதல் ஓடும் தடம் அது. வேலைக்குப் போய் வந்தவர்களின் பையில் கேசட் தெற்கே வந்தது. பெட்டியின் தகரச் சுவரில் தாளம் போட்டுப் பாடிய மாணவர்களின் வாயிலும் வந்தது.

வந்து சேர்ந்ததில் ஒரு பகுதியைத் தண்ணீர் கொண்டுபோனது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, பட்டா, ரேஷன் கார்டு, சான்றிதழ் போனதைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். கேசட்டும் போனது. யாரும் நிவாரணம் கேட்கவில்லை, அதற்குப் படிவமும் இல்லை. பிறகு எம்பி3 குறுந்தகடு, மெமரி கார்டு, யூடியூப் என்று காலம் ஓடியது. இன்றைய கானா சேனல்களுக்கு லட்சக்கணக்கில் பார்வை வருகிறது. அவை தேதியோடும் பெயரோடும் இருக்கின்றன, அவற்றைப் பற்றிக் கவலைப்பட இன்னும் காலம் இருக்கிறது.

கேசட்டுக்குக் காலம் இல்லை. நாடாவில் உள்ள இரும்பு ஆக்சைடைப் பிடித்திருக்கும் பசை ஆண்டுகள் போகப்போக இளகும், ஈரத்தில் பூஞ்சை வெள்ளையாகப் படரும், நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு கழன்று விழும். பூஞ்சை பிடித்ததை அப்படியே ஓட்டினால் டெக்கின் ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டும் கெடும். பெட்டி உடைந்திருந்தால் பயப்பட வேண்டாம். திருகாணி உள்ள இன்னொரு பெட்டியைத் திறந்து நாடாவை மட்டும் மாற்றலாம். அறுந்திருந்தாலும் ஒட்டலாம், இரண்டு நொடிப் பாட்டு போகும், அவ்வளவுதான்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். கேசட் கொண்டுவருகிறவரிடம் முதலில் நாடாவைக் கேட்காதீர்கள், கதையைக் கேளுங்கள்: யார் சாவு, எந்தத் தெரு, பாடியவர் யார், டேப் அடித்தவர் யார், ரெக்கார்டர் யாருடையது, எத்தனையாவது நகல். அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதியுங்கள். சாவு வீட்டு நாடாவாக இருந்தால், இறந்தவரின் குடும்பத்தைக் கண்டுபிடித்துக் கேட்காமல் இணையத்தில் ஏற்றாதீர்கள். அந்த அழுகை அவர்களுடையது. வேண்டாம் என்று சொன்னால், டிஜிட்டல் நகல் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளில் போட்டு அசலைத் துடைத்துவிடாதீர்கள். துடைத்தது தனியாக இருக்கட்டும், பதிந்தது பதிந்தபடி இருக்கட்டும். பழைய அட்டையில் இருக்கும் கையெழுத்தைப் படம் எடுங்கள், அதன்மேல் புதிதாக எதையும் எழுதாதீர்கள்.

மேசைமேல் இரண்டு டெக்குகள் வைத்திருக்கிறோம், ஹெட்டைத் துடைக்க ஸ்பிரிட்டும் பஞ்சும் இருக்கின்றன. இன்று கேசட் கொண்டுவந்திருக்கும் தோழர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். சுருள் தளர்ந்த நாடாவைப் போட்டால் டெக் விழுங்கிவிடும். கொடுப்பதற்கு முன்னால் ஒரு பென்சிலை விட்டுச் சுற்றி இறுக்கிக் கொடுங்கள்.